புதுச் சுருட்டும் பொறுமையும்

ஒரு சரக்கைக் குறித்து ஜனங்கள் கூறும் தீர்ப்பு எப்பொழுதும் அந்தச் சரக்கைப் பற்றியதாகவே இருக்குமென்று சொல்ல முடியாது. சிற்சில சமயங்களில் அது, அதைச் செய்தவனுடைய வறுமையைப் பற்றிய தீர்ப்பாக முடிந்துவிடுகிறது. "உறையூர்ச் சுருட்டா? ஒரே காரம், தொண்டை கமறுகிறது, ஹவானாச் சுருட்டின் பக்கத்தில் நிற்குமா?" என்று கனவான்கள் சிலர் உதட்டைப் பிதுக்குவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்று ஓராண்டு காலம் பொறுமையுடன் விசாரித்தோம். விசாரணையில் தெரிந்ததை வாசகர் முன் வைக்கிறோம்.

தொடங்குமுன் ஒன்று சொல்லிவிடுவது நமது கடமை. புகையிலை உடலுக்குத் தீங்கு செய்வது. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவனுக்கும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரக்கூடும். காந்தியடிகள் புகைபிடித்தலை வன்மையாகக் கண்டித்தவர். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பது நாடெங்கும் விலக்கப்பட்டும் இருக்கிறது. ஆகையால், புகைக்காத அன்பர் எவரும் இக்கட்டுரையைப் படித்துப் புகைக்கத் தொடங்க வேண்டா. நாம் பேச வந்தது பழக்கத்தின் பெருமையையன்று. ஒரு கைத்தொழிலின் நியாயத்தை.

உறையூர் சோழர்களின் பழைய தலைநகர். இன்று திருச்சி நகரின் ஒரு பகுதி. புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. போர்த்துக்கீசியர் மூலம் வந்தது. எனினும் வந்த இலையைச் சுருட்டிய கை நம்முடையது. ஆங்கிலேயன் அதற்கு இட்டு வழங்கும் 'செரூட்' என்ற பெயரே நமது 'சுருட்டு' என்ற சொல்லின் திரிபு. திண்டுக்கல் சீமை இலையாலான திருச்சிச் சுருட்டு, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே கப்பலேறி லண்டன் போயிற்று. ஆர்தர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலைஞன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்பதை அத்துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே கண்டுபிடித்து விடுகிறார். லண்டன் வாசகனுக்கு அந்த ஊர்ப்பெயர் விளக்கமின்றிப் புரிந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

சர்ச்சில் துரை திருச்சிச் சுருட்டையே விரும்பிப் புகைத்தார் என்று நம்மவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அவர் பெரிதும் புகைத்தது கியூபா நாட்டுச் சுருட்டு. 1895இல் அவர் கியூபாவுக்குச் சென்று ஸ்பானியச் சேனையோடு தங்கியிருந்தார். அதே காலத்தில் அந்நாட்டுச் சுருட்டுத் தொழிலாளர், கடல் கடந்து ஃபிளாரிடாவில் சுருட்டுச் சுற்றிப் பெற்ற கூலியில் ஒரு பங்கை ஹோஸே மார்த்தியின் விடுதலை இயக்கத்துக்கு ஈந்துவந்தனர். சுருட்டுச் சுற்றும் கைகளும் நாட்டுக்கு உழைக்க வல்லவை என்பதற்கு அவர்கள் சான்று. சர்ச்சிலின் நற்சாட்சிப் பத்திரம் நமக்கு எதற்கு? நமது சுருட்டை நாமே நேர்மையாகச் சோதித்துப் பார்ப்போமே.

சென்ற ஆண்டு தை மாதத்தில் உறையூருக்குச் சென்றோம். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இன்று அங்கே இத்தொழிலை நடத்துகின்றனர். அவர்களுள் ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையை அடுத்த அறையே தொழிற்சாலை. தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய இலையின் நடு நரம்பை இரு பெண்கள் உரித்துப் போடுகிறார்கள். பெரியவர் நீள இலைகளை உள்ளே அடுக்கி, அவற்றை ஓரிலையால் கட்டி, பலகைமீது உருட்டி, மெல்லிய மேலிலையைச் சாய்வாகச் சுற்றி, நுனியைப் பசையால் ஒட்டுகிறார். பிறகு இரு முனைகளையும் கத்தியால் நறுக்குகிறார். அளவுகோல் இல்லை, ஆயினும் பத்துச் சுருட்டை அடுக்கினால் பத்தும் ஒரே கனம். இருபத்தைந்து கொண்ட கட்டு இரண்டு வாங்கினோம்.

அன்று மாலையே ஒன்றைப் பற்றவைத்தோம். கனவான்கள் சொன்னது பொய்யன்று. முதலில் நல்ல மண்வாசனை எழுந்தது. மூன்றாம் இழுப்பில் மூக்கைக் குத்தும் ஒரு நெடி. ஒரு பக்கம் எரிந்தது. மறு பக்கம் எரியவில்லை. இரண்டு முறை அணைந்தது. பாதிக்குமேல் வாயெல்லாம் கசப்பு. ஆனால் அந்தக் கசப்பின் அடியில் மிளகையும் வறுத்த கொட்டையையும் ஒத்த ஓர் உருசி ஒளிந்து நின்றதையும் நாம் கவனிக்காமல் இல்லை.

இதற்குக் காரணம் மந்திரமல்ல. உலர்ந்த இலை நொறுங்கும். ஆகவே சுற்றும்பொழுது அதை ஈரமாக்கியே தீர வேண்டும். அந்த மிகையீரம் சுருட்டுக்குள் தங்கிவிடுகிறது. ஈரச் சுருட்டு சீராக எரியாது. எரிய வைக்க அடிக்கடி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கச் சூடேறிக் கசக்கும். இஃது ஒன்று. இரண்டாவது, அறுவடையான இலையைக் குவியலாகப் போட்டுப் புழுங்க வைக்கும்பொழுது அம்மோனியா என்னும் காரவாயு வெளியேறுகிறது. அந்த வேலை குவியலிலேயே முற்றும் முடிந்துவிடுவதில்லை. சுற்றும்போது மீண்டும் ஈரம் பட்டதும், நின்றுபோன புளிப்பு மறுபடி சிறிது தலைதூக்கும். மூக்கைக் குத்திய நெடி அதுதான். மூன்றாவது, உள்ளிலையும் கட்டிலையும் மேலிலையும் வெவ்வேறு குணமுடையவை. ஒரே உறைக்குள் நெடுநாள் கிடந்தாலன்றி அவற்றின் வாசனைகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

இது நமது தாய்மார்கள் அறியாத சாஸ்திரமா? புது அரிசி குழையுமென்று பழைய அரிசியைத் தேடுகிறோம். புதுப் புளியை விட்டுப் பழம்புளி கேட்கிறோம். மாங்காய் ஊறுகாயைப் போட்ட அன்றே நாவில் வைத்து, "உப்பும் காரமும் தனித்தனியே நிற்கின்றன" என்று போட்டவளை எவரும் பழிப்பதில்லை. ஜாடியை மூடிவைத்துக் காத்திருக்கிறோம். சுருட்டு விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை நமக்கு இல்லாமற் போயிற்று.

அப்படியானால் பெரியவரே அதை வைத்திருந்து பதமாக்கி விற்கலாகாதா? இதே கேள்வியை அவரிடம் கேட்டோம். "வைத்திருந்தால் நன்றாக வரும் என்பது எனக்குத் தெரியாதா, ஐயா? என் தகப்பனார் காலத்தில் பெட்டி பெட்டியாக வைத்திருந்துதான் அனுப்பினார்கள். இன்றைக்குச் சுருட்டியதை இந்த வாரம் விற்றால்தான் அடுத்த வாரத்துக்கு இலை வாங்கலாம், இந்த இரண்டு பெண்களுக்கும் கூலி கொடுக்கலாம்" என்றார்.

விஷயம் முழுவதும் இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. ஹவானாவின் பெரிய தொழிற்சாலைகளில் இலையை ஓராண்டு, ஈராண்டு, அதற்கு மேலும் கிடங்கில் முதிர வைக்கிறார்கள். சுற்றிய சுருட்டையும் உடனே பெட்டியிலிடாமல் தனி அறையின் மர அலமாரிகளில் வைத்து ஈரம் தணியவிடுகிறார்கள். இதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. விற்காத சரக்கின்மீது முடங்கிக் கிடக்கும் பணம் வேண்டும். காலம் என்பது மூலதனம் உடையவன் வாங்கும் பொருள். உறையூர்ப் பெரியவரிடம் திறமை உண்டு, இலை உண்டு, காலம் இல்லை. கனவான்கள் எடைபோட்டது அவருடைய சுருட்டையல்ல; அவரிடம் இல்லாத அந்தக் காலத்தைத்தான்.

அவரால் கொடுக்க முடியாத காலத்தை நாம் கொடுத்துப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். மேனாட்டார் இதற்கு அமெரிக்கக் கண்டத்துச் செடார் மரப்பெட்டியை உபயோகிப்பர். நமது சந்தன வேம்பு அந்த மரத்தின் ஒன்றுவிட்ட உறவு. அதனாலான பழைய பெட்டியொன்றைத் தேடிப் பிடித்தோம். உள்ளே காற்றின் ஈரம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருத்தல் நலம் என்பது அநுபவசாலிகளின் கொள்கை. ஈரத்தைக் காட்ட ஈரமானி வேண்டும். அது மெய் சொல்கிறதா என்று பார்க்க உப்பே போதும். சிறிது தண்ணீர் விட்டுக் கூழாக்கிய உப்பையும் ஈரமானியையும் ஒரு ஜாடியில் இட்டு இறுக மூடி, ஓர் இரவு கழித்துப் பார்த்தால், முள் 75இல் நிற்க வேண்டும். 1930 ஏப்ரலில் எந்தத் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களுடன் உப்பெடுக்க வேதாரணியத்துக்கு நடந்தாரோ, அந்தத் திருச்சிச் சுருட்டுக்கு உப்பே சாட்சி சொல்லுவது பொருத்தந்தான்!

நமது நாட்டில் இப்பணிக்குச் சத்துருக்கள் மூவர். முதலாவது, அக்கினி நட்சத்திரத்து வறட்சி: மேலிலை வெடித்துவிடும். இரண்டாவது, ஐப்பசி கார்த்திகை அடைமழை: பூஞ்சணம் பிடிக்கும். மூன்றாவது, புகையிலை வண்டு: இலைக்குள்ளேயே முட்டையிட்டு, வெப்பம் மிகுந்தால் பொரித்து, குண்டூசி குத்தினாற்போல் துளையிட்டுக்கொண்டு வெளிவரும். ஆகவே முதலில் கட்டுகளைக் காற்றுப் புகாத பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் மூன்று நாள் வைத்தோம். பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்பால் வெளியே ஒரு நாள். திடீரென்று சூட்டுக்குக் கொண்டுவந்தால் மேலிலை கீறும். சித்திரையில் பெட்டிக்குள் ஈரத்துணி வைத்த சிறு கிண்ணம். ஐப்பசியில் அதை எடுத்துவிட்டு வாரமொரு முறை மூடியைத் திறந்து பார்ப்பது. நாம் செய்தது இவ்வளவே.

மாசியில் ஒன்றை எடுத்தோம். நெருப்பு ஒழுங்காக நின்றது, ஆனால் உருசி முன்னிலும் மந்தம், நெடி போகவில்லை. இவ்விடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து கட்டைத் தூக்கி எறிவார்கள். நாம் எறியவில்லை. ஆடியில் மற்றொன்று எடுத்தோம். நெடி மறைந்திருந்தது. சாம்பல் அரை விரல் நீளம் உதிராமல் நின்றது. முதல் நாள் கசப்பின் அடியில் ஒளிந்திருந்த மிளகு இப்போது முன்னே வந்தது. கொட்டையின் உருசி அதைத் தொடர்ந்தது. மறுவருஷம் தை பிறந்ததும் எடுத்த சுருட்டில் காரம் இருந்தது, கமறல் இல்லை. கடைசி வரையில் அணையவில்லை. ஹவானாவைப்போல் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. திருச்சிச் சுருட்டு திருச்சிச் சுருட்டைப்போல் இருந்தது. அதுவே நாம் வேண்டியது.

உண்மையை மறைப்பது நமது வழக்கமல்ல. ஐம்பதும் ஒரேமாதிரி தேறவில்லை. இறுகச் சுற்றிய மூன்று நான்கு, ஓராண்டுக்குப் பிறகும் இழுவை கொடுக்க மறுத்தன. காலம் நல்லதைச் சிறப்பிக்குமேயன்றிக் கெட்டதை நல்லதாக்காது. மற்றும், முதிர்ந்த புகை மென்மையானது என்பதால் தீங்கற்றதென்று எவரும் மயங்க வேண்டா. மென்மை நாவுக்கு, தீங்கு உடம்புக்கு.

இதிலிருந்து செய்யத்தக்கது யாது? புகைக்கும் பழக்கமுள்ள அன்பர்கள் சிறு தொழிலாளியிடம் வாங்கிய அன்றே தீர்ப்புச் சொல்வதை நிறுத்தட்டும். ஒரு கட்டு வாங்குமிடத்தில் பணத்தை முன்னதாகக் கொடுத்து, ஆறு மாதம் கழித்துப் பெற்றுக்கொள்ள இசையட்டும். அல்லது வாங்கித் தம் வீட்டில் வைத்திருக்கட்டும். தறி நெய்வோர் விஷயத்தில் இந்த நோய்க்கு மருந்து கண்டதுண்டு. 1935இல் சென்னையில் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்றது, தனி நெசவாளன் தாங்க முடியாத சந்தைப் பாரத்தைப் பலர் சேர்ந்து தாங்கும் வழியைக் காட்டிற்று. மிச்சமிருக்கும் சுருட்டுத் தொழிலாளர் சிலரும் ஒரு பொதுக் கிடங்கையும் சிறு கடன் நிதியையும் பெற்றால், தங்கள் சரக்கைத் தக்க பருவத்தில் விற்க முடியும்.

இத்தொழில் சுருங்கி வருகிறது. ஜனங்களின் ஆரோக்கியத்தைக் கருதுவோர் அதற்காக வருந்த வேண்டுவதில்லை. அந்தப் பெரியவரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டதை நாமும் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கைத்தொழில் மறையுமானால், ஜனங்கள் அதை வேண்டாமென்று விட்டதனால் மறையட்டும். மட்டமானது என்ற பொய்ப் பழியைச் சுமந்துகொண்டு மறைய வேண்டா. ஐம்பது வருஷம் இலை சுருட்டிய கைக்கு நாம் செலுத்தக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அந்தக் கை செய்ததை அதற்குரிய பருவத்தில் எடுத்துப் பார்ப்பதே.

தை மாதத்துச் சுருட்டொன்றைப் பெரியவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதை முகர்ந்தார். பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். "இதை நான்தானா சுருட்டினேன்?" என்றார். அவர்தாம் சுருட்டினார். நாம் காத்திருந்தோம், அவ்வளவே.