விரல் நுனியில் தமிழ்

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், நம் ரெட்டியார்பாளையம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், பார்வையற்ற தம் மகனுடன் நம்மிடம் வந்தார். "சாமி, கைப்பேசியே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறதே! புள்ளி எழுத்துக் கற்க இவனை விடுதியில் விட வேண்டுமா?" என்றார். கேள்வி நமக்கும் நியாயமாகவே பட்டது. சிறுவனை நோக்கி, "மனம் என்று எழுத எந்த 'ன' வரும், தம்பி?" என்றோம். "அதில் வகைகள் உண்டா, சாமி?" என்று திருப்பிக் கேட்டான். நாம் வாயடைத்துப் போனோம். கேட்பது வேறு, வாசிப்பது வேறு என்பதை அதுவரை நாமும் எண்ணிப் பார்த்ததில்லை.

இவ்வெழுத்தைத் தந்தவர் லூயி பிரெயில். 1809-இல் பாரிசுக்கு அருகே கூப்ரே என்னும் சிற்றூரில் பிறந்தவர். சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில், மூன்று வயதில் குத்தூசி பட்டுப் பார்வை இழந்தார். பதினைந்தாம் வயதில், 1824-இல், ஆறு புள்ளி முறையை வகுத்தார். 1829-இல் அது நூலாயிற்று. பாரிசு ஆலயங்களில் ஆர்கன் வாசித்த கத்தோலிக்கர் அவர். பிரெஞ்சு மொழி புழங்கிய நம் ஊரில் அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்?

தமிழகத்தில் பார்வையற்றோர்க்கென 1890-இல் பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கியவர் ஆஸ்க்வித் அம்மையார். அவர் நம் சபையினர் அல்லர், ஆயினும் நன்றிக்குரியவர். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் உருவாயிற்று.

ஆறு புள்ளிகளால் 63 வடிவங்களே அமையும். தமிழ் எழுத்துகளோ 247. ஆயினும் இடர்ப்பாடு இல்லை. இடப்புறம் மேலிருந்து 1, 2, 3. வலப்புறம் 4, 5, 6 எனப் புள்ளிகளை எண்ணுவர். 'கி' எழுத, 'க'வை அடுத்து 'இ'யை வைத்தால் போதும். நாம் மெய்யின் தலையில் இடும் புள்ளி, அங்கே நான்காம் புள்ளியாக மெய்க்கு முன்னரே வந்துவிடுகிறது. 'ன'வுக்கு 5, 6. 'ண'வுக்கு 3, 4, 5, 6. 'ந'வுக்கு 1, 3, 4, 5. காதுக்கு மயங்குவது விரலுக்கு மயங்குவதில்லை.

அட்டவணை ஒன்றைப் பார்த்து, திண்ணையில் பதினொரு புளியங்கொட்டைகளை ஐந்து கூட்டங்களாக வைத்தோம். சிறுவனின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடச் செய்தோம். "அ... ம்... மா" என்று கூட்டிப் படித்தான். மீண்டும் முதலிலிருந்து தானே தடவினான்.

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பள்ளி என்றைக்குத் திறக்கிறார்கள், சாமி?" என்றார்.