எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் போனதும் பானெட்டைத் திறக்கிறார்கள். குட்டி யானையாக (டாடா ஏஸ்) இருந்தால் சீட்டைத் தூக்குகிறார்கள். ஸ்டார்ட் போட்டுக் காதைக் கொடுத்து, "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று அட்வான்ஸையும் நீட்டிவிடுகிறார்கள். என் வரிசை இதற்கு நேர் தலைகீழ். எஞ்சினை இறக்கி வேலை பார்க்கலாம், அதற்கு என்ன செலவாகும் என்பதைத் தெரிந்த மெக்கானிக் முன்கூட்டியே சொல்லிவிடுவார். உளுத்துப்போன சேஸிஸுக்கும் சிக்கலான பேப்பருக்கும் அப்படித் தொகை சொல்ல ஆள் கிடையாது.

முதல் வேலை வீட்டிலேயே முடியும். என்ன லோடு, எத்தனை கிலோ, வாரத்துக்கு எத்தனை நடை என்று எழுதுங்கள். 2005-இல் வந்த டாடா ஏஸ் 702 சிசி, இரண்டு சிலிண்டர். ஏற்ற வேண்டிய எடை முக்கால் டன். 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வண்டி. தண்ணீர் கேனும் காய்கறியும் ஏற்றுகிறவருக்கு ஏஸ் போதும். செங்கலும் ஜல்லியும் ஏற்ற நினைப்பவர் அதன் பக்கமே போக வேண்டாம்.

பிறகு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியே ஆக வேண்டிய பணம். வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி 7,500 கிலோவுக்கு உட்பட்டதாக இருந்தால், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 2022 கட்டணப்படி ஆண்டுக்கு 16,049 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வாரம் ஒரு நடைதான் என்றால் நடைக்கு 300 ரூபாய்க்கு மேல் இன்சூரன்ஸுக்கே போகிறது. வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டால் ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். பதினைந்து தாண்டியவற்றுக்கு 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமும் பல மடங்கு. இதற்கு மேல் டிரைவர் சம்பளம். நீங்களே ஓட்டுவதானால் அது மிச்சம்: 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எல்எம்வி உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. இவ்வளவும் கூட்டிய பிறகு வாடகை வண்டியே மலிவு என்று கணக்கு வந்தால் மேலே படிக்கத் தேவையில்லை.

இரண்டாவது பேப்பர். வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே பதிவெண்ணை வாங்கி பரிவாகன் தளத்தில் போடுங்கள். எஃப்சி, இன்சூரன்ஸ், வரி எதுவரை என்பதும் ஃபைனான்ஸ் (எச்பி) நிற்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நிலுவை அபராதத்தை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பாருங்கள். "எச்பி கேன்சல் ஒரு வாரத்துல வந்துடும்ணே" என்பார் புரோக்கர். வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் கையெழுத்தான படிவம் 35-உம் கண்ணில் படாமல் பணம் நகரக் கூடாது. "எஃப்சி மட்டும் நீங்க காட்டிக்கங்க" என்றால் டிங்கரிங், பெயிண்ட், பிரேக் வேலை எல்லாம் உங்கள் தலையில். அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். வெளிமாநிலப் பதிவெண் வண்டி மலிவாகத் தெரியும். அந்த ஊர் ஆர்டிஓ என்ஓசியையும் நம் வரியையும் சேர்த்தால் மலிவு காணாமல் போகும்.

மூன்றாவது இரும்பு. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், டார்ச்சோடும் சின்னச் சுத்தியலோடும் வண்டிக்கு அடியில் படுத்துவிடுங்கள். பழைய வண்டியின் அடிப்பாகத்தில் புதுக் கறுப்பு பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். யாரும் அழகுக்காக அங்கே பெயிண்ட் அடிப்பதில்லை. சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் சொத்தென்று அமுங்கி, செதில் செதிலாக முகத்தில் உதிரும். பட்டை மாட்டும் பிராக்கெட்டுகளின் ஓரம், பிளாட்பாரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், இந்த இரண்டும் முக்கியம். மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக இறங்கியது அங்கேதான். தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கத்து வண்டி என்றால் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்காமல் விடாதீர்கள்.

எழுந்து வந்து பக்கவாட்டில் நின்று கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள சந்தைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றால் ஓவர்லோடில் சேஸிஸ் வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. சேஸிஸ் நம்பர் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங், கிரைண்டிங் தடம் இருந்தால் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

இதெல்லாம் தேறினால்தான் எஞ்சின். காலையில், சொல்லாமல் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். ரேடியேட்டரில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் போலிருக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகை வந்து அடங்குவது இயல்பு. நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, வாய் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, போர் வேலை கிட்ட வந்துவிட்டது. மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை நான் நம்புவதில்லை. கிளட்ச் மிதியின் ரப்பர் அதைவிட உண்மை பேசும்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதனால் அந்த வண்டியையே அதன் டிரைவரோடு ஒரு நடைக்கு வாடகைக்கு எடுங்கள். உங்கள் லோடு, உங்கள் வழி, பக்கத்தில் நீங்கள். மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியர் தானாக நழுவுகிறதா, டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது, பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வாடகை மறுக்கிற ஓனர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

விலை பேசுவது இதற்குப் பிறகுதான். பார்த்த வேலைகளைத் தொகையோடு ஒரு தாளில் எழுதி ஓனர் முன் வையுங்கள். "பார்த்துப் பண்ணுங்க"வைவிட அந்தத் தாள் நன்றாக வேலை செய்யும். பேரம் முடிந்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் பெயர் உள்ளவரின் கையெழுத்தை நேரில் வாங்குங்கள், பணத்தை அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். ஆர்சி உங்கள் பெயருக்கு மாறும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புரோக்கர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கிடையில் ஆயில், ஃபில்டர், கூலன்ட் மூன்றையும் மாற்றிவிட்டு, எந்தக் கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.