சுற்றித் திரியும் பூனையும் வீட்டாரின் பொறுப்பும்

 

 

பூனை வளர்ப்போர் எம்மிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை சுத்தம் பற்றியவை. பூனை வாய் வைத்த தண்ணீரில் வுழூச் செய்யலாமா, அது படுத்துறங்கிய முஸல்லாவில் தொழலாமா என்று கேட்பார்கள். ஆனால் ஒரு சகோதரியின் கேள்வி வேறு விதமாக இருந்தது. அவருடைய வீட்டுப் பூனை ஓரிடத்தில் தங்குவதில்லை. ஓட்டுக் கூரையில் ஏறுகிறது, கிணற்றுக் கட்டின் மேல் நடக்கிறது, திறந்த அலுமாரியைக் கண்டால் உள்ளே புகுந்து விடுகிறது. கடைசியாக அயல் வீட்டாரின் இரண்டு கோழிக் குஞ்சுகளையும் பிடித்து விட்டது. வீட்டில் ஒருவர் கூண்டில் அடைக்கும்படி சொல்கிறார். மற்றவர் சாக்கில் கட்டித் தூரத்துச் சந்தையில் விட்டு வரச் சொல்கிறார். இவ்விரண்டில் எது ஆகுமானது என்பதே அச்சகோதரியின் கேள்வி.

விடை காண்பதற்கு முன் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டியுள்ளது. அபூகதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்வதற்காக அவர்களுடைய மகனின் மனைவி கப்ஷா (ரஹ்) அவர்கள் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். பூனையொன்று குடிக்க வந்தது. அபூகதாதா (ரழி) அவர்கள் அதனை விரட்டவில்லை. பாத்திரத்தைச் சாய்த்துக் குடிக்கக் கொடுத்தார்கள். மருமகள் வியப்புடன் பார்ப்பதைக் கண்டதும், பூனை அசுத்தமானதல்ல என்றும் அது உங்களைச் சுற்றி வருவோரில் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துச் சொன்னார்கள். இச்செய்தி முவத்தா, அபூதாவூத், திர்மிதீ முதலான கிரந்தங்களில் பதிவாகியுள்ளது.

‘சுற்றி வருவோர்’ என்பதற்கு அங்கே வந்துள்ள அரபுச் சொல் ‘தவ்வாஃபீன்’ என்பதாகும். கஃபாவைத் தவாஃப் செய்தல் என்று நாம் கூறுவதும் இதே வேர்ச்சொல்லிலிருந்து வந்ததே. ஸூரத்துந் நூரின் 58ஆம் வசனத்தில், வீட்டுக்குள் அடிக்கடி வந்து போகும் பணியாளர்களையும் சிறுவர்களையும் குறிக்கவும் இச்சொல்லே வருகின்றது. அவர்கள் மூன்று நேரங்களில் மட்டும் அனுமதி கேட்டால் போதும். ஏனைய வேளைகளில் அவர்களுக்குச் சலுகை உண்டு. அவ்வாறே பூனைக்கும் சலுகை உண்டு. அது வீடெங்கும் நுழையும், தடுத்து முடியாது. ஆகவே அது வாய் வைத்ததெல்லாம் அசுத்தம் என்று விதித்தால் மனிதருக்குச் சிரமம் உண்டாகும். பூனையின் துருதுருப்பை ஒரு குற்றமாக மார்க்கம் பார்க்கவில்லை. அதனையே காரணமாகக் கொண்டு சட்டத்தை இலகுவாக்கியிருக்கிறது.

எமது ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இதனை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளார்கள். பூனை எலியைத் தின்று வாயில் இரத்தத்துடன் வந்து குடத்துத் தண்ணீரைக் குடித்தால் அத்தண்ணீர் அசுத்தமாகி விடும். ஏனெனில் அது இரண்டு குல்லத்தை, அதாவது ஏறத்தாழ 200 லீற்றரை, விடக் குறைவானது. ஆனால் எலியைத் தின்ற பூனை கண்ணுக்கு மறைந்து எங்கோ சென்று, பெருந்தண்ணீர் எதிலாவது வாய் நனைத்திருக்கக் கூடிய அளவு நேரம் கழித்து வந்து குடித்தால், தண்ணீர் சுத்தமானது என்றே கொள்ளப்படும். வெளியே திரியும் பூனையின் பின்னால் எவரும் சாட்சியாகப் போக முடியாதல்லவா? முஸல்லாவில் ஒட்டியிருக்கும் ஓரிரு முடிகள் மன்னிக்கப்பட்டவை. அதன் சிறுநீரும் மலமும் அசுத்தமே. பட்ட இடத்தைக் கழுவ வேண்டும்.

இனிக் கூண்டைப் பற்றிப் பார்ப்போம். பூனையொன்றைக் கட்டி வைத்த காரணத்தால் ஒரு பெண் நரகம் புகுந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நேயர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை, தானாகப் பூமியின் சிற்றுயிர்களைத் தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. அவளுடைய குற்றம் இவ்விரண்டும் சேர்ந்ததே. உண்ணவும் குடிக்கவும் கொடுப்பதில் குறை வைக்காதவர் பூனையை வளர்க்கவும் கட்டி வைக்கவும் ஆகும் என்பதை இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸிலிருந்தே விளங்கியிருக்கிறார்கள். எனவே இரவில் பூனையை ஓர் அறையில் வைத்துப் பூட்டுவது பாவமல்ல. ஆனால் பெருநாளுக்கு ஊர் செல்லும்போது மூன்று நாட்களுக்கு வீட்டைப் பூட்டி, உள்ளே ஒரு பூனை இருப்பதை மறந்து விடுவோமானால், அப்பெண்ணின் நிலைக்கும் நமது நிலைக்கும் என்ன வேறுபாடு? அலுமாரியையும் களஞ்சிய அறையையும் மூடுமுன் ஒரு முறை உள்ளே பார்ப்பது அவசியம்.

அயல் வீட்டாரின் கோழிக் குஞ்சு பற்றிய சட்டம் நம்மவர் பலர் அறியாதது. பூனை எங்கே போய் எதைத் தின்றாலும் அது வாயில்லாப் பிராணி, அதற்கு யார் பொறுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் இதனைத் தெளிவாகவே குறிப்பிட்டுள்ளார்கள். பறவைகளையோ உணவையோ நாசமாக்கும் பழக்கம் பூனைக்கு இருப்பது முன்பே அறியப்பட்டிருந்தால், இரவாயினும் பகலாயினும் அதன் உரிமையாளர் நட்டஈடு செலுத்த வேண்டும். மிகச் சரியான கருத்து இதுவே. அப்பழக்கம் இல்லாத பூனை திடீரென ஒன்றைப் பிடித்து விட்டால் பொறுப்பில்லை. ஆகவே முதற் குஞ்சுக்குச் சட்டப்படி எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்றாலும், பூனையின் பழக்கம் வெளிப்பட்ட பின் பிடிபடும் குஞ்சுகளுக்கு விலை கொடுத்தேயாக வேண்டும். முதலாவதற்கும் மனமுவந்து கொடுத்து விடுவது அண்டை வீட்டாருடன் உறவு கெடாதிருக்க நல்ல வழி.

பூனை பசியால் மட்டும் வேட்டையாடுவதில்லை. வயிறு நிறைந்திருந்தாலும் அசையும் பொருளின் மேல் பாயும். இது குறித்து இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகம் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இறைச்சி மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட பூனைகள் வீட்டுக்குப் பிடித்து வந்த இரைகள் 36 வீதத்தாலும், நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடம் வரை விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகளின் இரைகள் 25 வீதத்தாலும் குறைந்தன. கழுத்தில் மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஒரு குச்சியில் துணித் துண்டைக் கட்டிச் சிறிது நேரம் ஆட்டுவதற்குச் செலவேதும் இல்லை. பூனைகள் அந்தியிலும் விடியலிலுமே அதிகம் திரிகின்றன. மஃரிபுக்கு முன் உணவு வைத்து உள்ளே அழைத்து, சூரியன் உதித்த பின் வெளியே விட்டால் அயலாரின் குஞ்சும் தப்பும், பூனையும் இரவு வாகனங்களில் அடிபடாமல் தப்பும்.

சாக்கில் கட்டிச் சந்தையில் விடும் யோசனையை எம்மால் சற்றும் ஏற்க முடியாது. வீட்டில் உண்டு பழகிய பூனை புதிய இடத்தில் உணவும் ஒதுங்கிடமும் தெரியாமல், அங்குள்ள நாய்களுக்கும் பிற பூனைகளுக்கும் இடையே சிக்கிக் கொள்ளும். தன் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது வாஜிப் என்றும், மறுத்தால் அவர் நிர்ப்பந்திக்கப்படுவார் என்றும் ஃபிக்ஹு நூல்களில் உள்ளது. தாகித்த பிராணிக்குத் தண்ணீர் தேவையெனில், இருக்கும் தண்ணீரை அதற்குக் கொடுத்து விட்டு மனிதர் தயம்மும் செய்து தொழ வேண்டும் என்பதும் அதே நூல்களில் உள்ள சட்டமே. தொழுகைக்கான தண்ணீரையே விட்டுக் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில் சாக்குக்கு எங்கே இடம்? வைத்திருக்க உண்மையாகவே இயலாவிட்டால், பார்த்துக் கொள்ளக் கூடிய ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

குட்டிகளைப் பள்ளிவாசல் வளவில் கொண்டு வந்து விடுவோரும் இதனை மனங்கொள்ள வேண்டும். பெண் பூனை ஐந்து மாத வயதிலேயே சினைப்படக் கூடும்; சுமார் 65 நாட்களில் குட்டி ஈனும். எனவே தொகை பெருகுவதற்கு முன்பே சிந்திக்க வேண்டியுள்ளது. உண்ணப்படாத பிராணிகளுக்குக் காயடிப்பது கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபின் கருத்து. பூனைகள் மிகுந்து விட்ட நிலையில், பிராணிக்குத் தீங்கு விளையாதவாறு செய்யப்படும் சத்திர சிகிச்சையைச் சமகால அறிஞர் சிலர் அனுமதித்துள்ளார்கள். பிறந்த குட்டிகளைப் பசியில் சாக விடுவதை விட இது இலேசானது என்றே எமக்குப் படுகிறது. எனினும் அவரவர் ஊர் உலமாக்களிடம் கேட்டுச் செய்வது நல்லது.

துருதுருப்பான பூனைக்கு வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஆபத்துகள் உண்டு. கிணற்றுக்கு வலை போடுங்கள். நுளம்புக்கும் அது தடையாகும். பூனை மரத்தில் எளிதாக ஏறும். அதன் நகங்கள் பின்னோக்கி வளைந்திருப்பதால் தலைகீழாக இறங்க முடியாது. கீழிருந்து சத்தமிடாமல் ஏணியைச் சாய்த்து வைத்தால் பெரும்பாலும் பின்பக்கமாக இறங்கி வந்து விடும். மழைக் காலத்தில் வாகன இயந்திரத்தின் சூட்டை நாடி உள்ளே ஒளிந்து கொள்ளும்; புறப்படுமுன் மூடியை இரு முறை தட்டுங்கள். தையல் வேலை செய்யும் சகோதரிகள் ஊசி நூலைத் திறந்தபடி விட்டு எழும்பக் கூடாது. நூலை விழுங்கினால் குடல் சுருண்டு பூனை இறக்க நேரிடும்.

காய்ச்சல் கண்ட பூனைக்கு இரக்கத்தால் பெனடோல் கொடுப்போர் இருக்கிறார்கள். தயவு செய்து கொடுக்காதீர்கள். மனிதருக்கு நன்மை தரும் அம்மருந்து பூனைக்கு நஞ்சு. ஒரு வில்லையே கொன்று விடலாம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த கறியும் அவ்வாறே தீங்கானது. பூனை ஊனுண்ணி. சோறும் சொதியும் மட்டும் போட்டால் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். அவித்த மீனோ கோழியோ சேர வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் ஒத்துக் கொள்வதில்லை. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

பூனையை நேசிப்போரிடையே சில கதைகளும் உலவுகின்றன. பூனையை நேசிப்பது ஈமானில் உள்ளது என்பது இட்டுக்கட்டப்பட்ட செய்தி. நபியவர்கள் உறங்கும் பூனைக்காக அங்கியின் கையை வெட்டினார்கள் என்ற கதைக்கும் ஹதீஸ் கிரந்தங்களில் ஆதாரமில்லை. அத்தகைய சம்பவம் ஹிஜ்ரி 578இல் வபாத்தான இமாம் அஹ்மத் அர்ரிஃபாஈ (ரஹ்) அவர்களைப் பற்றியே வரலாற்று நூல்களில் சொல்லப்படுகிறது. அபூஹுரைரா (ரழி) அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் ஒரு குட்டியை இரவில் மரத்தில் விட்டு, பகலில் எடுத்துச் சென்று விளையாடினார்கள் என்ற திர்மிதீயின் அறிவிப்பு நமக்குப் போதுமானது.

வெளியே திரியும் பூனைக்கு நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, கால்நடை வைத்தியர் சொல்லும் தவணைகளில் போடுங்கள். நாய்கள் மட்டுமே இந்நோயைப் பரப்பும் என்பது தவறான எண்ணம். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கு இலவசமாகக் கிடைக்கும். கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தை அள்ளாமல் வீட்டிலுள்ள வேறொருவரிடம் அவ்வேலையைக் கொடுக்க வேண்டும். மலத்திலுள்ள கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் செல்லும் என்பதால், மணற் பெட்டியை நாள்தோறும் துப்புரவு செய்வதே பாதுகாப்பு.