70 கொண்டை ஊசி வளைவு: சைக்கிளில் ஏறுவது பாதி... இறங்குவதுதான் மீதி!

சிறுசேரி:-

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பழைய மகாபலிபுரம் சாலையில் சிவப்பு விளக்கு மினுக்கியபடி சைக்கிள் கூட்டம் பறக்கும். சிறுசேரி சிப்காட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், நாவலூர், படூர், கேளம்பாக்கம்வாசிகள் என்று வரிசை கட்டிப் போவார்கள். கோவளம் வழியாக கிழக்கு கடற்கரை சாலையை பிடித்து, மாமல்லபுரத்தில் டீ குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி விடுவார்கள்.

இப்படி மிதித்து பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, மலை. 2 நாள் லீவு கிடைத்தால் போதும். சைக்கிளை காரில் ஏற்றிக்கொண்டு ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி என்று கிளம்பி விடுகிறார்கள்.

ஆனால் சமதரையில் 100 கிலோ மீட்டர் அசராமல் போனவர், மலையில் 10 கிலோ மீட்டரிலேயே நாக்கு தள்ளி நிற்கிறார். அது ஏன்? கஷ்டப்பட்டு ஏறி முடித்தவர், சுலபமாக இறங்கும்போது ஆபத்தில் மாட்டுவது ஏன்?

எந்த மலைக்கு எத்தனை வளைவு?

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் இருந்து ஏற்காடு போக 20. மசினகுடியில் இருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. வால்பாறைக்கு 40. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து கொல்லிமலைக்கு 70.

பிரான்ஸ் நாட்டில் நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் உலகமே பார்க்கும் ஆல்ப் டுயெஸ் மலைப்பாதைக்கு 21 வளைவுகள்தான். நீலகிரியில் ஏறும் 'டூர் ஆப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணம் 2008-ம் ஆண்டு தொடங்கியது. அதில் வருபவர்கள் அதிகம் பயப்படும் இடம் கல்லட்டி.

16 இட்லி கணக்கு

கொல்லிமலையில் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சென்னை பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி. அதை அடுத்தடுத்து 10 தடவைக்கு மேல் ஏறுவதற்கு இது சமம்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், இந்த ஏற்றத்துக்கு மட்டும் உடம்பு சுமார் 800 கலோரியை எரிக்கும். ஒரு இட்லிக்கு 50 கலோரி என்று வைத்தால் 16 இட்லி! வெறும் வயிற்றில் கிளம்பினால் பாதி வழியில் தலை சுற்றத்தான் செய்யும். பசி வருவதற்கு முன்பே வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று கொஞ்சம் கொஞ்சமாக சாப்பிட வேண்டும்.

கூட்டம் ஏன் சிதறுகிறது?

கடற்கரை சாலையில் எதிரி காற்றுதான். முன்னால் போகிறவர் காற்றை கிழிப்பார். பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு கால்வாசிக்கு மேல் மிச்சம். அதனால் பலம் குறைந்தவரும் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளலாம்.

மலையில் வேகம் மணிக்கு 8, 10 கிலோ மீட்டராக குறைந்துவிடும். அப்போது காற்று ஒரு பொருட்டே இல்லை. சுமக்க வேண்டியது அவரவர் உடம்பு எடையைத்தான். அதை யாரும் பங்கு போட முடியாது. முன்னால் போகிறவரை விரட்டிப் பிடிக்க நினைத்தால் நாலாவது வளைவிலேயே மூச்சு வாங்கும்.

அதனால் மலையில் அவரவர் வேகத்தில் ஏறி, முன்கூட்டியே பேசி வைத்த இடத்தில் காத்திருப்பதுதான் முறை. நல்ல அனுபவசாலி ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக வர வேண்டும். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. பின்னால் ஒருவர் பஞ்சராகி நின்றால் முன்னால் போனவர்களுக்கு தெரியவே தெரியாது.

இறங்கும்போதுதான் கண்டம்

ஏறும்போது காலில் செலவான சக்தி, இறங்கும்போது வேகமாக திரும்பி வரும். அதை காற்றும் பிரேக் கட்டையும்தான் தின்ன வேண்டும். பயத்தில் பிரேக்கை பிடித்த பிடி விடாமல் வந்தால் ரிம் கொதிக்கும், டியூப் வெடிக்கும். வேகம் 2 மடங்கானால், நிற்பதற்கு 4 மடங்கு தூரம் வேண்டும்.

எனவே வளைவுக்கு முன்பே 2 பிரேக்கையும் சேர்த்து பிடித்து வேகத்தை குறைத்துவிட வேண்டும். வளைந்த பிறகு பிடித்தால் சக்கரம் வழுக்கும். நேர் ரோட்டில் பிரேக்கை விட்டுவிட்டு சூட்டை ஆற விட வேண்டும். கூட்டமாக இறங்கினாலும் ஒட்டி வரக்கூடாது. பஸ், லாரி திரும்ப முழு ரோடும் தேவைப்படும். மேலே ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழி விட வேண்டும்.

கல்லட்டியில் 2018 அக்டோபரில் சென்னையைச் சேர்ந்தவர்கள் சென்ற கார் பள்ளத்தில் உருண்டு உயிர்கள் பலியாகின. அதன்பிறகு வெளியூர் வாகனங்களுக்கு அங்கே கட்டுப்பாடு வந்தது. கிளம்பும் முன் வழியை பற்றி போலீசாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குளிரும் ஒரு வில்லன். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்க வராது. பழைய பந்தய வீரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்து இறங்குவார்கள். அந்த வைத்தியம் இன்றும் பலிக்கும்!

இமயமலை ஆசை இருக்கா?

லடாக்கில் 'லா' என்றால் கணவாய். கர்துங் லா 18 ஆயிரத்து 380 அடி என்று பல காலம் சொல்லப்பட்டது. அளந்து பார்த்ததில் 17 ஆயிரத்து 582 அடிதான். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி. சிறுசேரியில் இருந்து விமானத்தில் போய் லேயில் இறங்கிய அன்றே பெடல் மிதிப்பது உயிரோடு விளையாடுவது. 2 நாளாவது சும்மா இருந்து உடம்பை பழக்க வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு 14 வளைவு ஏலகிரியே போதும். அதற்கு முன்பு பக்கத்தில் உள்ள மேம்பாலத்தில் 20 தடவை ஏறி இறங்கி பழகலாம். முந்தின நாள் சைக்கிள் கடையில் பிரேக் கட்டை, பிரேக் கேபிள், டயர் மூன்றையும் காட்டி சரி பார்த்துவிட்டு கிளம்புங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.