சாஸிலிருந்து 211ஐப் பிரிக்கும் இழை

தக்காளி சாஸ் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் 211 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியம் பென்சோயேட். பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளராமல் தடுப்பது. ஷாம்பு, முகக்கிரீம்களில் இதே வேலையைப் பாரபென்கள் செய்கின்றன. இரண்டுக்கும் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வரம்பு மீறப்பட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

சாஸை அப்படியே அளவிடும் கருவிக்குள் செலுத்த முடியாது. சர்க்கரையும் நிறமியும் நாரும் கருவியின் குழாயை அடைக்கும், கணக்கையும் குழப்பும். வேண்டியதை மட்டும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த இழை.

பாலிஸ்டைரீன் போன்ற பாலிமரைக் கரைத்து ஊசிக்குழலில் நிரப்புகிறார்கள். ஊசி முனைக்கும் எதிரே உள்ள உலோகத் தகட்டுக்கும் நடுவே பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் கொடுத்தால், முனையில் தொங்கும் துளி கூம்பாக இழுபடும். அந்தக் கூம்பை 1960களில் ஆராய்ந்த ஜெஃப்ரி டெய்லரின் பெயரே அதற்கு. கூம்பின் நுனியிலிருந்து பாயும் தாரை சாட்டைபோல் சுழன்று நீண்டு மெலிகிறது. கரைப்பான் ஆவியாகி, தகட்டில் வெள்ளை விரிப்பாக இழைகள் படிகின்றன.

மெலிவதால் என்ன லாபம்? தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இந்த இழை அரை மைக்ரான் என்று வையுங்கள். அதே எடைப் பாலிமர், முடியளவு தடிமனில் இருப்பதைவிட 140 மடங்கு பரப்பைக் காட்டும். மூலக்கூறுகள் ஒட்டுவது பரப்பில்தானே! அதனால் சில மில்லிகிராம் இழையே போதும். கழுவி எடுக்கும் கரைப்பானும் குறையும்.

ஒட்ட வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சோடியம் பென்சோயேட் நீரில் மின்னூட்டத்தோடு இருக்கும்வரை இழையை நாடாது. கரைசலைப் போதிய அளவு அமிலமாக்கினால் அது மின்னூட்டமற்ற பென்சாயிக் அமிலமாகிவிடும். அதன் பென்சீன் வளையம் பாலிஸ்டைரீனின் வளையங்களோடு எளிதில் சேரும். பாரபென்களிலும் இந்த வளையம் உண்டு. சர்க்கரையோ தண்ணீரோடு வழிந்து போய்விடும். பிறகு கொஞ்சம் மெத்தனால் ஊற்றினால் பிடிபட்டவை கழன்று வரும். அதைக் கருவிக்குக் கொடுக்கலாம்.

குறையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் மாறினால் இழையின் தன்மையும் மாறுகிறது. ஒரே தரத்தில் திரும்பத் திரும்பச் செய்வது எளிதல்ல.

ஆனாலும் இதற்காகப் பாடுபடலாம் என்பேன். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அழகுப்பொருள்களில் புரோப்பைல், பியூட்டைல் பாரபென்களின் கூட்டளவை 0.14 சதவீதமாகக் குறைத்தது. மெத்தில் பாரபெனுக்குத் தனியே 0.4 சதவீதம். உறவுக்காரச் சேர்மங்களைத் தனித்தனியே அளந்தால்தான் இந்தச் சட்டத்தைச் செயல்படுத்த முடியும்.