அஞ்சடி: தனியார் நிலத்தில் பொதுவழி

தனியார் நிலத்தின் ஊடே மக்கள் நெடுங்காலமாக நடந்துவந்த பாதை யாருக்கு உரியது என்ற வழக்கு, கடற்கரைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையிலிருந்து நகரத்துக் கடைத்தெரு வரை பல இடங்களிலும் எழுவதுண்டு. சிங்கப்பூரில் இவ்வழக்கின் பழைமையான களம், கடைவீடுகளின் முன்புறத்தில் தூண்களுக்கும் கடைவாசலுக்கும் இடையே ஓடும் நடைவழியாகும். கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த இக்கட்டடங்களின் மேல்தளம் முன்னோக்கி நீண்டு பாதைக்குக் கூரையாகிவிடுவதால், நடப்பவர் வெயிலுக்கும் திடீர் மழைக்கும் அஞ்சாமல் தெருக்கோடி வரை செல்லலாம். மலாய்க்காரர்கள் இதைக் 'காக்கி லீமா' என்பர். தமிழர் பேச்சில் இது 'அஞ்சடி'. பெயர் ஐந்தடியைக் குறித்தாலும் அகலம் இடத்துக்கு இடம் மாறுபடும்.

இப்பாதை தற்செயலாக உருவானதன்று. சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், 1822 நவம்பர் 4ஆம் நாள் நகரக் குழுவுக்கு அனுப்பிய அறிவுறுத்தல்களில், செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படும் வீடுகள் யாவும் ஒரே வகையான முகப்பைக் கொண்டிருக்க வேண்டும் என்றும், அவற்றின் முன் குறிப்பிட்ட அகலமுள்ள தாழ்வாரம் தெருவின் இருபுறமும் தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்த வழியாக விடப்பட வேண்டும் என்றும் விதித்தார். இதனால் நிலம் பெரும்பாலும் உரிமையாளரின் பத்திரத்தில் இருக்க, நடக்கும் உரிமை மட்டும் ஊருக்கு உரியதாயிற்று.

தமிழகத்து வீடுகளின் திண்ணையோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். திண்ணையில் வழிப்போக்கர் இளைப்பாறுவது வீட்டுக்காரரின் பெருந்தன்மை. அஞ்சடியில் நடப்பதோ எவரிடமும் கேட்டுப் பெறவேண்டாத உரிமை. இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், பிறர் நிலத்தின் வழியே ஒருவர் உரிமையோடும் வெளிப்படையாகவும் தடையின்றியும் 20 ஆண்டுகள் சென்றுவந்தால் அவருக்கு வழியுரிமை உண்டு என ஏற்கிறது. இங்கிலாந்தில் பொதுமக்கள் அதே கால அளவு நடந்த பாதை பொதுவழியாகக் கருதப்படலாம். அங்கெல்லாம் நீண்ட பழக்கம் உரிமையாக மாற, சிங்கப்பூரில் ஆணை முதலில் வந்து பழக்கம் அதன்பின் வளர்ந்தது.

ஆணை இருந்தும் பாதை எளிதில் திறந்திருக்கவில்லை. கடைக்காரர்களுக்கு அது சரக்கு வைக்கும் முற்றமாகவும், கடை வாடகை தரவியலாத சிறு வியாபாரிகளுக்குப் பிழைப்பிடமாகவும் ஆயிற்று. நகராட்சி நிர்வாகம் தடைகளை அகற்ற முனைந்தபோது, 1888 பிப்ரவரியில் எதிர்ப்பு கலவரமாக வெடித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, சாலையில் சென்ற வண்டிகள்மீது கற்கள் வீசப்பட்டன. நடப்பவர்க்குப் போதிய இடம் விட்டால் பொருள் வைப்பதைப் பொறுத்துக்கொள்வது என்ற சமரசமே இறுதியில் நிலைத்தது.

அச்சமரசத்தின் சாயலை லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் இன்றும் காணலாம். மல்லிகைச் சரமும் சாமந்தி மாலையும் தொங்கும் பூக்கடையின் பலகை தூண்வரை நீள்கிறது. அடுத்த கடையின் காய்கறிப் பெட்டிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகின்றன. நடுவில் ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் செல்ல முடிகிறது. கிளி சோதிடர் அமர்ந்ததும் இத்தகைய தாழ்வாரத்தில்தான். கடைக்குக் கடை தளத்தின் உயரம் மாறி, இடையிடையே படிகள் குறுக்கிடுவதால், முதியோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும் வெயிலோடு சாலையோரமாகப் போக நேர்கிறது. பண்டிகைக் காலக் கூட்டத்தில் இந்நெருக்கடி இன்னும் கூடும்.

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நெறிமுறைகளின்படி, பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளைப் புதுப்பிப்போர் அஞ்சடியை அடைத்து அறையாக்கிக்கொள்ள இயலாது. ஆயினும் சுவர் எழுப்புவதைத் தடுக்கும் விதி, நாள்தோறும் வெளியே நகர்ந்துவரும் பெட்டிகளையும் நாற்காலிகளையும் தானே தடுத்துவிடாது. பாதையை விழுங்குவது பெரும்பாலும் அவையே.

ஆகவே அஞ்சடியைக் காப்பது என்பது தூண்களையும் பழைய தரை ஓடுகளையும் காப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பூக்கடையையும் சிறு வியாபாரியையும் முற்றாக விரட்டிவிட்டால் அத்தெருக்களுக்கு உயிர் இராது. அவர்களுக்கு எல்லையே இல்லையென்றால் பாதை இராது. சக்கர நாற்காலி ஒன்று தடையின்றிச் செல்லும் அகலத்தைக் கடைக்காரர்கள் எந்நாளும் விட்டுவைப்பதும், அதைக் கேட்பது சலுகையன்று, உரிமை என்பதை நடப்பவர்கள் உணர்ந்திருப்பதுமே இப்பொதுவழி நிலைப்பதற்கான வழியாகும்.