டிரில் இல்லாமல் பல்லைச் செதுக்கும் லேசர்

லேசர் என்றதும் நமக்கு பிரிண்டரும் பழைய சிடி டிரைவும்தான் ஞாபகம் வரும். சிடி டிரைவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் லேசர் (780 நானோமீட்டர்). இதே இன்ஃப்ராரெட் ஒளியால் சொத்தைப் பல்லைச் செதுக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் என் பெரியப்பா, டிரில் சத்தத்துக்குப் பயந்தே சொத்தைப் பல்லோடு காலம் தள்ளுகிறார். "லேசர்ல வலிக்காதாமே, மெய்யாலுமா?" என்று கேட்டார். நான் பல் டாக்டர் அல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஆனாலும் அவருக்காகத் தேடிப் படித்தது உங்களுக்கும் பயன்படும்.

பிரச்சினை சூடுதான். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ்ப்பகுதி இருக்கிறது. அதன் வெப்பம் சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினாலே கெட வாய்ப்புண்டு என்று 1965-ல் குரங்குகளிடம் நடந்த ஆய்வு காட்டியது. 1960-களில் ரூபி லேசரைப் பல்லில் சோதித்தவர்களுக்கும் இந்தச் சூடுதான் தடை.

இப்போது சொத்தையை எடுக்கப் பயன்படுவது எர்பியம் யாக் லேசர் (2,940 நானோமீட்டர்). இந்த ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். பல்லில் உள்ள நீர் சட்டென ஆவியாகி, சொத்தைப் பகுதியைப் பெயர்த்து எறியும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1997-ல் இதற்கு அனுமதி தந்தது. சூடு ஏறாமலிருக்கக் கூடவே தண்ணீர் தெளிப்பார்கள்.

அடுத்த கட்டம் ஃபெம்டோ செகண்ட் லேசர். இதன் ஒரு பல்ஸ் 100 ஃபெம்டோ செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் ஒரு கிளாக் துடிப்புக்குள் இதுபோல் 3,000-க்கும் மேற்பட்ட பல்ஸ்களை அடுக்கலாம்! ஒரு பல்ஸில் 1 மில்லிஜூல் ஆற்றல் என்றால், அந்தக் கணத்தில் பவர் 1,000 கோடி வாட். நொடிக்கு 1,000 பல்ஸ் அடித்தாலும் சராசரி வெறும் 1 வாட்தான்.

பட்டுப்புடவையில் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு எடுத்தால் ஒன்றும் ஆகாது. வைத்தபடியே விட்டால் கருகும். இங்கும் அப்படித்தான். சூடு பக்கத்தில் பரவும் முன்பே ஒளிபட்ட இடம் பிளாஸ்மாவாகிப் பறந்துவிடும். பல்ஸை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் நுட்பத்தை 1985-ல் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார்ட் மூரூவும் தந்தார்கள். 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கண் ஆஸ்பத்திரிகளில் லேசிக் சிகிச்சைக்கு ஃபெம்டோ லேசர் ஏற்கனவே வந்துவிட்டது. பல்லுக்கோ பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையில்தான். விலை அதிகம், செதுக்கும் வேகம் குறைவு. வேகத்துக்காகப் பல்ஸ்களைக் கூட்டினால் சூடு சேர்ந்துவிடும். ஒளிக்கற்றையைக் கம்ப்யூட்டர் நகர்த்தும்போது நோயாளியின் தலை அசையவும் கூடாது.

கடைசியாக, பர்ஸுக்கு ஒரு விஷயம். பல கிளினிக்குகளில் "லேசர்" என்பது டயோடு லேசர். அது ஈறு போன்ற மென்மையான சதைக்குத்தான், எனாமலைக் குடையாது. எர்பியம் லேசரில் டிரில்லின் அதிர்வு இல்லை, பலருக்கு வலியும் குறைவு. ஆனால் வலியே வராது என்று உத்தரவாதம் இல்லை. பழைய வெள்ளி ஃபில்லிங்கை எடுக்க டிரில்தான் வேண்டும். எனவே கூடுதல் பணம் கட்டும் முன் "எந்த லேசர், எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள். லேசர் வரட்டும் என்று சொத்தையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெரியப்பாவிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.